கேட்க மட்டும் தெரிந்த கம்பி

ராயபுரத்தில் ஹில்டாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் ஆரம்பித்ததும் மெல்லப் பின்வரிசைக்கு நகர்வாள், அங்கிருந்து வாசலுக்கு. வாசலில் யாருடைய கைக்குழந்தையையாவது வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மதில் ஓரமாக உலாத்துவாள். கேட்டால், "கொயந்திக்குக் காத்து வேணும்பா" என்பாள். குழந்தை பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கும். காற்று வேண்டியிருந்தது அவளுக்குத்தான்.

காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகை ஒன்றில் அவளுக்கு வேலை. மற்ற பெண்கள் பலகை போட்டு உட்கார்ந்து உரிக்க, இவள் மட்டும் நின்றபடியே உரிப்பாள். நின்றால்கூடப் பரவாயில்லை; ஒரு கூடை நிறைந்ததும் ஐஸ் உடைக்கிற இடம்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். மேஸ்திரிக்கு அது ஆகாது. "உக்காந்தா இன்னா, முள்ளு குத்துதா?" என்று கத்துவார். "ஆமா, குத்துது. எறாலு உரியுதா இல்லியா, அத்தப் பாரு நீ" என்று இவளும் விடமாட்டாள். மற்றவர்களைவிட ஒரு கூடை அதிகமாகவே உரித்துவிடுவாள் என்பதால் அவரால் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடிந்ததில்லை.

இப்படிக் கால் தரையில் பாவாமல் திரிவதற்கு ஒரு காரணம் உண்டு என்று அவளே சொல்வாள். ஆறேழு வயதில், கோயிலில் ஆர்மோனியத்தின் பின்பலகையைத் திருகிக் கழற்றிவிட்டாளாம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான். உபதேசியார் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் ஒப்படைத்தார். அம்மா உப்புக்கல்லைக் கொட்டி அதன் மேல் முட்டிபோட வைத்தாள். அதோடு எதையும் கழற்றிப் பார்க்கும் ஆசையை ஹில்டா விட்டுவிட்டாள். கையில் இருந்த அரிப்பு காலுக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். நமக்குத் தெரிந்து இந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு இதே கதைதான். என்ன, அவர்கள் ஹில்டா மாதிரி வாய்விட்டுச் சொல்வதில்லை.

அவள் புருஷன் லூயிஸ் துறைமுகத்தில் லஸ்கர். கப்பல் உள்ளே வரும்போது சின்னப் படகில் போய், அதிலிருந்து வீசும் கயிற்றை வாங்கிக் கரையில் கட்டுகிற வேலை. அவசரப்பட்டால் அந்தக் கயிறு விரலைக் கொண்டுபோய்விடும் என்பதால் எதிலும் நிதானம். இப்படிப்பட்ட இரண்டு பேருக்குப் பிறந்தவள்தான் ஃப்ளோரா. அம்மாவின் அரிப்பும் அப்பாவின் நிதானமும் ஒன்றாகச் சேர்ந்து வந்த பிள்ளை. அதைவிட ஆபத்தான கலவை வேறு இல்லை.

எல்லாம் பூங்கா ரேடியோவில்தான் ஆரம்பித்தது. மாநகராட்சிப் பூங்காவில் சாயங்காலம் கம்பத்து ஒலிபெருக்கியில் செய்தியும் பாட்டும் வரும். ஒருநாள் ஃப்ளோரா அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்கு ஏழு வயது முடியவில்லை.

"உள்ள யாருமா பேசறது?"

சும்மா வாடி என்று சொல்லத்தான் ஹில்டா வாயைத் திறந்தாள். என்ன தோன்றியதோ, அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியலடி. வா, போய்ப் பாக்கலாம்" என்றாள்.

ரேடியோ பெட்டி ஒரு சின்ன அறையில் பூட்டியிருந்தது. காவல்காரர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "சர்க்கார் சாமான்மா. தொறந்தா என் வேல பூடும்." மறுநாள் சாயங்காலம் ஹில்டா வாழையிலையில் சுற்றிய சங்கரா மீனோடு போய் நின்றாள். காவல்காரர் மீனைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், கதவைத் திறந்தார். பெட்டியின் பின்பக்க அட்டையையும் கழற்றினார். உள்ளே வரிசையாகக் கண்ணாடி வால்வுகள் இளஞ்சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

"மா, ஆளு இல்லமா. வெளக்குதான் எரியுது" என்றாள் ஃப்ளோரா. அதோடு போயிற்று அந்த வீட்டின் நிம்மதி.

டார்ச் லைட் போயிற்று. கடிகாரம் போயிற்று. பக்கத்து வீட்டு சைக்கிளின் டைனமோ ஒருநாள் காணாமல் போய், மறுநாள் முன்னைவிட நன்றாக எரிந்துகொண்டு திரும்பி வந்தது. ஹில்டா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: கழற்றிய திருகாணி அத்தனையும் தட்டில் இருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். தட்டு எது என்று சொல்ல மறந்துவிட்டாள். லூயிஸ் ஒருநாள் மத்தியானச் சோற்றில் ஒரு திருகாணியைக் கடித்துவிட்டு, அதைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இத்த எங்க மாட்டணும் நைனா, எனுக்குத் தெரியும்" என்று ஃப்ளோரா கையை நீட்டினாள்.

தண்டையார்பேட்டை போகிற வழியில் அத்தாவுல்லாவின் காயலான் கடை இருந்தது. கழித்துக்கட்டிய கப்பல் சாமான், பட்டாளத்துச் சாமான் எல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கும். கொட்டகை விட்டதும் ஹில்டா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போவாள். பழைய இரும்புக்கு நடுவில் ஒருநாள் ஏதோ ஒரு கப்பலிலிருந்து வந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அகப்பட்டது. அதில் கரண்ட் இல்லாமல் பாடுகிற ரேடியோவைப் படம் படமாகப் போட்டிருந்தான். பள்ளியில் சயின்ஸ் பாடம் எடுக்கிற சிஸ்டர் அதைப் படித்துத் தமிழில் சொன்னார். ஃப்ளோரா இரண்டாம் முறை கேட்கவில்லை. ஹில்டா நாலு முறை கேட்டும் பிடிபடவில்லை.

பிடிபடாவிட்டால் என்ன, சாமான் தேடித் தருவதற்குப் புரிய வேண்டியதில்லையே. ஐஸ் ஃபாக்டரியில் எரிந்துபோன மோட்டாரைக் கண்டுபிடித்து, அங்கே இருந்தவர்களை நச்சரித்து, அதிலிருந்து தாமிரக் கம்பியை உருவி வாங்கினாள். துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழலைக் கேட்டு வாங்கினாள். பட்டாளத்து ஹெட்போன் ஒன்று அத்தாவுல்லாவிடமே இருந்தது. ஒரு காது செத்துப்போயிருந்தது, மறுகாது நன்றாக இருந்தது. கடைசியாக டையோடு என்று ஒன்று வேண்டும் என்றாள் ஃப்ளோரா. ஏதோ ஒரு கப்பல் கருவியின் வயிற்றைக் கிளறி அத்தாவுல்லா அதை எடுத்துக் கொடுத்தார். சோம்பைவிடக் கொஞ்சம் பெரிசு.

"இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற ஹில்டாம்மா?"

"எனுக்கு இன்னா தெரியும் பாய். அவளக் கேளு."

மீன்பெட்டிப் பலகையின் மேல் எல்லாவற்றையும் பொருத்தினாள் பிள்ளை. காற்றிலிருந்து பாட்டைப் பிடிக்க உயரமாக ஒரு கம்பி வேண்டும். லூயிஸ் கூரைமேல் ஏறி, எதிர்வீட்டு மங்கை வாசலில் நட்டிருந்த கம்பத்துக்கும் தன் வீட்டுக்கும் நடுவே கம்பியை இழுத்து, கப்பலைக் கட்டுகிற முடிச்சுப் போட்டுக் கட்டினார். மண்ணைத் தொட வேண்டிய இன்னொரு கம்பி தெருக்குழாய்க்குப் போயிற்று. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் அதில் தடுக்கிக்கொண்டு ஹில்டாவின் வம்சத்தையே திட்டினார்கள். ஹில்டா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் காதில் அப்போது ஹெட்போன் இருந்தது. எங்கோ தூரத்தில் ஒருவர் நெல் விலை சொல்லிக்கொண்டிருந்தார். நெல் விலையைக் கேட்டு அழுத ஒரே பெண்பிள்ளை தமிழ்நாட்டில் அவளாகத்தான் இருப்பாள்.

அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. ஒரு வாரம் போல நன்றாகப் பேசிய ரேடியோ திடீரென்று ஊமையாகிவிட்டது. ஃப்ளோரா ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். ஹில்டா வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்து தேய்த்தாள். கடைசியில் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், கம்பி முழுக்க வாளைமீன் தொங்குகிறது. உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. கடல்மேல் பிழைக்கிறவள் வாசலில் ஒரு கம்பியைக் கட்டினால் அவள் வேறென்ன செய்வாள்?

"இன்னா மங்க, உனுக்குக் கருவாடு காயப்போட ஊர்ல வேற எடமே இல்லியா?"

"எங்கூட்டுக் கம்பத்துல நீ கம்பி கட்டுவ, நான் மீனு போடக் கூடாதா? நல்லா கீதே நாயம்!"

சண்டை குழாயடி வரைக்கும் போயிற்று. ஃப்ளோராதான் அதை முடித்துவைத்தாள். மீனை எல்லாம் பொறுமையாக எடுத்துக் கூடையில் அடுக்கினாள். மங்கையைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, ஹெட்போனைக் காதில் வைத்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மங்கையின் முகம் அப்படியே நின்றுவிட்டது. "யக்கா, என் காதுக்குள்ளயே பாடறான் யக்கா" என்றாள். அன்றைக்கு முதல் அந்தக் கம்பிக்கு அவளே காவல். ஒரு காக்கா உட்காரவிடமாட்டாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைத் தன் வீட்டுச் சொத்தாகப் பேசிக்கொண்டாள்.

"இது கேக்கும், பேசாது. பேசணும்னா கரண்டு வேணும்" என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததை ஃப்ளோரா எல்லோரிடமும் ஒப்பிப்பாள். கேட்டுக் கேட்டு ஹில்டாவுக்கும் அது மனப்பாடம்.

எழுபத்தொன்று டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. சாயங்காலம் ஆனால் விளக்கு கூடாது. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். கடலுக்கடியில் எதிரியின் கப்பல் வந்து நிற்கிறது என்று ஒருவர் சொல்ல, அதன் குழாயைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டலாமா கூடாதா என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது. துறைமுகத்தை ஒட்டிப் பிழைக்கிறவர்களுக்கு ராத்திரியில் கண் மூடவில்லை. ஹில்டாவுக்குப் பகலிலும் கால் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லூயிஸ் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே வந்த வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் அதிகாரிகள் ஏறி, ரேடியோ அறையைப் பூட்டி, பூட்டின் மேல் அரக்கு சீல் வைத்தார்கள். லூயிஸுக்குக் கப்பலைத் தெரியும். கப்பல் ரேடியோக்காரன் கேட்பதும் மேலே போகிற கம்பியால்தான், சேதி அனுப்புவதும் மேலே போகிற கம்பியால்தான். வேறு ஊர்க்காரனாக இருந்தால் ரேடியோ என்றால் பாட்டுப் பெட்டி என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருப்பான். இவருக்கு ரேடியோ என்றால் கப்பல் ரேடியோ. இந்தப் பிழை துறைமுகத்து ஆளுக்குத்தான் வரும்.

"ஹில்டா, அந்தக் கம்பிய எறக்கிடலாம்."

"இன்னாத்துக்கு?"

"எம்மாம் பெரிய கப்பலு, அதுக்கே சீல் வெச்சிட்டான். நம்ம வூட்டு மேல கம்பி கீது. எவனாச்சும் பாத்தான்னா சேதி அனுப்பறோம்னு இட்டுகினு பூடுவான்."

"அது கேக்கத்தான்யா கேக்கும். பேசாது. கொயந்த தெனம் தொண்டத்தண்ணி வத்த சொல்லிகினு கீது."

"கேக்கற கம்பியும் பேசற கம்பியும் ஒண்ணுதான். நான் கண்ணால பாத்தவன்."

ஹில்டா மசியவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. காசிமேட்டுப் பக்கம் யாரோ கடற்கரையில் டார்ச் அடித்தானாம், பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். இறால் உரிக்கும்போதும் அதே பேச்சு. கொட்டகை வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால் கை தானாக நின்றுவிடும். வீட்டுக்கு வந்தால் முதலில் கண் போவது கம்பிக்கு. அத்தனை நாளாக இருக்கிற இடம் தெரியாமல் இருந்த கம்பி, இப்போது கப்பல் பாய்மரம்போல ஊருக்கே தெரிகிற மாதிரி அவளுக்குப் பட்டது.

ஒரு நாள் மத்தியானம் கஞ்சி குடிக்க வீட்டுக்கு வந்தாள். ஃப்ளோரா பள்ளியில், லூயிஸ் வேலையில். கதவைத் திறக்கும்போது தெருமுனையில் ஒரு கான்ஸ்டபிள் நின்றிருந்தார். கூடவே இரண்டு பேர். அவர் கையை உயர்த்திக் கூரைகளைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கூரை, அந்தக் கூரை. அப்புறம் விரல் இவள் வீட்டுப் பக்கம் திரும்பியது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்வார்கள். ஹில்டாவுக்கு இரண்டும் ஓடின. அதுதான் வினை. கொல்லைப் பக்கமாகக் கூரைமேல் ஏறிக் கம்பியை அறுத்து இழுத்தாள். பலகை, குழல், ஹெட்போன், எல்லாவற்றையும் ஒரு சாக்கில் திணித்தாள். கொட்டகையிலிருந்து தினமும் இறால் ஓட்டையும் தலையையும் கூடையில் சுமந்துபோய்க் கடலோரக் கருங்கல் மேலிருந்து கொட்டுவது அவள் முறை. அன்றைய கூடையை, போகிற வழியில் கொட்டலாம் என்று கொண்டுவந்து வாசலில் இறக்கியிருந்தாள். சாக்கை அடியில் வைத்து மேலே ஓட்டைக் கொட்டித் தலையில் தூக்கிக்கொண்டாள். நாறுகிற கூடையை எந்தப் போலீஸ்காரர் நிறுத்திப் பார்க்கப் போகிறார்? கான்ஸ்டபிளின் பக்கத்தில் உரசிக்கொண்டே போனாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்.

கல்லின் மேல் நின்று கூடையைக் கவிழ்த்தாள். ஓடு மிதந்தது. சாக்கு முழுகிப்போயிற்று.

வெறுங்கூடையோடு திரும்பி வந்தால், மங்கை வீட்டு வாசலில் அந்தக் கான்ஸ்டபிள் முக்காலி போட்டு உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். மங்கைக்கு முகம் எல்லாம் பல்.

"யக்கா, எங்க பூட்ட? அண்ணன் எம்மா நேரமா குந்திகினு கீறாரு! கூரைல கண்ணாடி ஓடு கீற வூட்ல எல்லாம் கறுப்புத் துணி போடச் சொல்லிகினு வந்தாரு. வெளக்கு வெளிச்சம் மேல தெரியுதாம். நான்தான் சொன்னேன், எங்க ஃப்ளோரா கரண்டு இல்லாத ரேடியோ செஞ்சி வெச்சிருக்கு, நூஸ் கேட்டுட்டுப் போங்கன்னு. எடுத்தா யக்கா!"

"என் தம்பி ஒருத்தன் பட்டாளத்துல கீறான்மா" என்றார் கான்ஸ்டபிள். "காலைலேர்ந்து ஒரு நூஸும் காதுல வியல."

ஹில்டா கூடையைக் கீழே வைத்தாள். ரிப்பேர் என்று மட்டும் சொன்னாள். கான்ஸ்டபிள் மோர்ச் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். மங்கை அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள். கம்பம் மொட்டையாக நின்றது. அவள் ஹில்டாவைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதை லூயிஸ்தான் முடிவு செய்தார். "போலீஸ் எடுத்துகினு பூட்டாங்கன்னு சொல்லிடு. கொயந்ததானே, மறந்துடும்." ஹில்டா அப்படியே சொன்னாள். சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஃப்ளோரா அழவில்லை. பையிலிருந்து சிலேட்டை எடுத்துத் துடைத்து, அதில் சுருள், டையோடு, ஹெட்போன் என்று படம் போட ஆரம்பித்தாள். நாலு முறை அழித்து அழித்துப் போட்டாள். பிறகு தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள்.

"வா மா, டேசனுக்குப் போலாம்."

"டேசனுக்கா? எதுக்குடி?"

"நான் படம் போட்டுக் காட்டறேன். அது பேசாது, கேக்கத்தான் கேக்கும்னு சொன்னா திருப்பிக் குடுத்துடுவாங்க. அவங்களுக்குத் தெரியல, அதான்."

அந்த ஒரு பேச்சில் ஹில்டா உடைந்துபோனாள். போலீஸ்காரனுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறது இந்தப் பிள்ளை. முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"போலீஸ் எடுக்கல ஃப்ளோரா. நான்தான் எடுத்தேன். கடல்ல போட்டுட்டேன்."

பிள்ளை சிலேட்டைக் கீழே இறக்கியது.

"அது பேசாதுன்னு உனுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பால?"

"பயந்துட்டேன்டி."

ஃப்ளோரா சிலேட்டில் இருந்த படத்தை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, வீட்டுக்கணக்கு போட உட்கார்ந்தாள்.

சில நாளில் சண்டை முடிந்தது. கறுப்புக் காகிதத்தைக் கிழித்தார்கள், நட்சத்திரம் கட்டினார்கள். எல்லோர் வீட்டிலும் விளக்கு எரிந்தது. ஃப்ளோரா அதற்குப் பிறகு எதையும் கழற்றவில்லை. கொடுத்த வேலையைச் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் முதல் பரிசு வாங்கினாள். தையல் வகுப்பில் சேர்ந்து கைக்குட்டை ஓரத்தில் பூப்போடக் கற்றுக்கொண்டாள். பூங்கா வழியாகப் போகும்போது கம்பத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோரும் மெச்சினார்கள். லூயிஸ்கூட, நல்ல புள்ளயா மாறிடுச்சு என்று சந்தோஷப்பட்டார். பிறகு தட்டில் திருகாணி இல்லாத சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

"பொண்ணு அடங்கிடுச்சு யக்கா" என்றாள் மங்கை ஒருநாள், ஆறுதலாகத்தான்.

"அடங்கறதுக்கு அவ இன்னா அடுப்பா?" என்று சீறினாள் ஹில்டா. மங்கை பயந்துபோய்விட்டாள்.

அடங்கிய பிள்ளையை ஹில்டாவால் பார்க்கச் சகிக்கவில்லை. திட்டினால் தேவலை, எதையாவது போட்டு உடைத்தால் தேவலை என்று இருந்தது. கொட்டகையில் கைதவறி விரலை வெட்டிக்கொண்டாள். தூக்கத்திலும் அந்தச் சாக்கு முழுகிக்கொண்டே இருந்தது. பெற்ற தாயே பிள்ளையின் ஆசையைக் கடலில் போட்டுவிட்டாள். அதைச் செய்தது தான்தான் என்றும், கடலில் போடும்படி யாரும் சொல்லவில்லை என்றும் அவளுக்குத் தெரியும். இந்தப் பிள்ளையும் தன்னைப்போல ஆயுசுக்கும் சும்மா நடந்துகொண்டே இருக்கப்போகிறதே என்ற பயம்தான் அவளை அரித்தது.

தவக்காலம் பிறந்த சமயம், அவள் மறுபடியும் காயலான் கடைக்குப் போனாள். தனியாக.

"கொயந்த கேட்டுச்சா?" என்றார் அத்தாவுல்லா.

"இல்ல பாய். நான்தான் கேக்கறேன்."

அவர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. இன்னொரு ஹெட்போனையும் டையோடையும் தேடி எடுக்க அவருக்கு ரொம்ப நாள் ஆயிற்று. ஐஸ் ஃபாக்டரியில் இந்த முறை கம்பி கிடைக்கக் கெஞ்ச வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கொண்டுவந்து பிள்ளை படிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஃப்ளோரா அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தாள். மறுநாளும் தாண்டித்தான் போனாள்.

சரி என்று ஹில்டா தானே உட்கார்ந்தாள். வாசற்படியில், கொட்டகை விட்ட சாயங்காலங்களில். இறால் முள் குத்திப் புண்ணான விரலால் கம்பியைச் சுற்றினாள். அது சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி ஆயிற்று. பிரித்துச் சுற்றினாள். முன்பு பிள்ளை செய்தபோது பார்த்ததை நினைத்து நினைத்து ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டினாள். கம்பத்துக்குக் கம்பியை லூயிஸ் கட்டிக் கொடுத்தார். கேட்காமலே ஏணியை எடுத்துக்கொண்டு வந்தார். ஹெட்போனைக் காதில் வைத்தாள். ஒன்றுமில்லை. ஒரு இரைச்சல்கூட இல்லை.

நாடகம் ஆடவில்லை அவள். ஆடத் தெரிந்தவளாக இருந்தால் வேறு வழி பார்த்திருப்பாள். உண்மையாகவே அவளுக்கு வரவில்லை. தினமும் பிரித்தாள், தினமும் கட்டினாள், தினமும் அந்தச் செத்த ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். குழாயடிப் பெண்கள் சிரித்தார்கள். அப்படி ஒரு சாயங்காலம் ஃப்ளோரா குடத்தோடு உள்ளே போகும்போது நின்றாள். பலகையை ஒரு தரம் பார்த்தாள். போய்விட்டாள். குடத்தை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"கம்பி மேல கீற வார்னீச சொரண்டினியா?"

"இன்னா வார்னீசு?"

"பளபளன்னு கீது பாரு, இது. இத்த சொரண்டாம கட்டினா எப்டி வரும்?"

"எனுக்கு யாருடி சொன்னாங்க?"

ஃப்ளோரா உள்ளே போனாள். அப்பாவின் சவர பிளேடை எடுத்துவந்து படியில் உட்கார்ந்தாள். அம்மா கட்டிய முடிச்சு அத்தனையும் அவிழ்த்தாள். "இப்டியா சுத்துவாங்க?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுருளை முழுதாகப் பிரித்து, வரிவரியாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றினாள். கம்பி நுனிகளையும், சுருளின் மேல் நெடுக ஒரு கோட்டையும் தாமிரம் தெரியும்வரை சுரண்டினாள். ஹில்டா பக்கத்தில் நின்றாள். ஒரு நுனியைப் பிடித்துக் கொடுக்கக் கையை நீட்டினாள்.

"தொடாத."

ஹில்டா கையை இழுத்துக்கொண்டாள்.

"இனிமே இத்தக் கழட்டணும்னா நான்தான் கழட்டுவேன். போலீஸ் வந்தாலும் நான்தான். நீ தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

"நைனாவும்."

தளர்ந்த கம்பியை இழுத்துக் கட்ட ஏணியின் மேல் ஏறியிருந்த லூயிஸ் தலையை ஆட்டினார். பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதால், "நானும் தொட மாட்டேம்மா" என்று வாய்விட்டும் சொன்னார்.

ஃப்ளோரா கடைசி நுனியை முறுக்கிவிட்டு ஹெட்போனைக் காதில் வைத்தாள். குனிந்து, கண்ணை இடுக்கி, சுருளில் சுரண்டிய கோட்டின் மேல் ஒரு கம்பி நுனியை விரலால் மெல்ல நகர்த்தினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"கேக்குதா?" என்றாள் ஹில்டா.

பிள்ளை தலையை ஆட்டியது. என்ன கேட்கிறது, பாட்டா பேச்சா என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் தன் காதில் வைத்த மறுநிமிடமே அம்மா காதில் வைத்துவிடும். அன்று கொடுக்கவில்லை. மறுநாளும் கொடுக்கவில்லை. ஹில்டாவுக்குக் கேட்டு வாங்க வாய் வரவில்லை. பக்கத்தில் நின்றபடி, கேட்டுக்கொண்டிருக்கிற அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தராவிட்டால் போகிறது, அவள் கேட்கிறாளே என்று இருந்தது.